சத்தத்தைக் குறைத்துப் பார்த்த படம்

என் மதினி செல்லக்கனியைப் பற்றி எங்கள் சொந்தத்தில் ஒரு பயம் உண்டு. கல்யாண வீட்டில் அவள் ஒரு தூணோரம் உட்கார்ந்துவிட்டால், மண்டபத்தின் அந்தக் கோடியில் இரண்டு பேர் குசுகுசுவென்று பேசக்கூட முடியாது. அங்கே பேசியது பந்தி முடிவதற்குள் இங்கே வந்துவிடும். ஒருமுறை என் மாமியார் வீட்டு ஆட்கள் நாற்பதடி தள்ளி நின்று, "இந்த வீடியோக் கடையெல்லாம் எம்புட்டு நாளைக்கு ஓடும்? மாப்பிள்ளை பொழைக்கத் தெரியாத ஆளு" என்று பேசிக்கொண்டதை, மதினி தன் இலையில் தண்ணீர் தெளித்தபடியே எனக்கு ஒப்பித்தாள். அன்றைக்கு நான் பாயசம் வாங்கவில்லை. பாயசத்தின்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனாலும் வாங்கவில்லை.

இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. மில் வேலைதான். மதினி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சேர்ந்தவள். முதலில் நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங், பிறகு கோனில் சுற்றுகிற வைண்டிங். மிஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் விழாது. அதற்காக நூறு பெண்கள் எட்டு மணி நேரம் பேசாமல் இருப்பார்களா? உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவார்கள். உதடு தெரியாத தூரத்துக்குக் கை இருக்கிறது. மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார். காலரைத் தூக்கிவிட்டால் சூப்பர்வைசர். வயிற்றைத் தடவினால் யாரோ உண்டாகியிருக்கிறாள். யார் என்பதற்கும் தனிச் சைகை உண்டு. மில்லுக்குள் நடக்கும் வம்பு ஊருக்குள் நடப்பதைவிட நாலு மடங்கு அதிகம் என்பது என் கணக்கு.

எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் வீடியோ லைப்ரரி. பொன்னுராஜ் வீடியோஸ் என்று போர்டு இருக்கும். கேசட்டைத் திரும்பச் சுற்றாமல் கொண்டுவந்து கொடுக்கிறவர்களை நான் மனிதர்களாகவே மதிப்பதில்லை. மதினி விடுமுறை நாளில் ஆண்டாள் கோயிலுக்கு வந்தால், தரிசனம் முடித்து என் கடைக்கு வந்து, பக்கத்துக் கடையில் கால் கிலோ பால்கோவா வாங்கி, ரோட்டைப் பார்த்து ஸ்டூலில் உட்கார்ந்து தின்பாள். போகிற வருகிற ஆட்கள் பேசுவதைப் படித்துக்கொண்டே தின்பது அவளுக்கு ஒரு சினிமா.

அப்படி அவள் உட்கார்ந்திருந்த ஒரு நாள், எண்பத்தேழில், என் கடையின் மர ஷெல்ஃப் சரிந்தது. இருநூறு கேசட்டும் தடதடவென்று விழுந்தன. பால்கோவாக் கடைக்காரர் கையில் கரண்டியோடு ஓடிவந்தார். எதிர்ச்சாரி வக்கீல் குமாஸ்தா ஓடிவந்தார். எனக்கு மூன்றடி முன்னால், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மதினி மட்டும் பால்கோவாவை வழித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் நான் அவள் முன்னால் போய் நின்றேன்.

"மதினி, எம்புட்டு நாளா?"

அவள் மழுப்பப் பார்த்தாள். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு மழுப்புவதை விட்டாள்.

"நாலஞ்சு வருசம் இருக்கும்லே. மொதல்ல கொசு போச்சு. நல்லதுதானன்னு இருந்தேன். பொறவு குக்கர் விசிலு போச்சு. இப்ப ஒங்க அண்ணன் சத்தமும் போச்சு."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அவியளுக்கு எங்க தெரியப்போவுது!"

அது உண்மைதான். என் அண்ணன் ஐயாதுரை ராஜபாளையத்திலேயே சைக்கிள் கடை வைத்திருந்தார். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டே பேசுவார். அவர் பேசுவதை மதினி காதில் போட்டுக்கொள்ளாததை, குடும்பம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவர் வெகுநாள் முன்பே ஏற்றுக்கொண்டிருந்தார்.

ஆனால் மதினி பயந்தது அண்ணனுக்கு அல்ல, மகனுக்கு. வைகுண்டராஜ் மதுரையில் பேங்க் வேலையில் இருந்தான். தங்கமான பிள்ளை, கொஞ்சம் பிடிவாதம். அம்மா வேலையை விட்டுவிட்டு மதுரைக்கு வந்து தன்னோடு இருக்க வேண்டும் என்று வேலை கிடைத்த நாளிலிருந்து ஒற்றைக் காலில் நின்றான். இழுபறி முற்றி ஒரு நாள் சாமி படத்துக்கு முன்னால் சூடத்தை அணைத்து மதினி சத்தியம் செய்து கொடுத்திருந்தாள். உடம்புக்கு ஒரு கோளாறு என்று வந்தால் அன்றைக்கே மில்லை விட்டுவிடுவேன், அதுவரைக்கும் நீ வாய் திறக்கக் கூடாது என்று.

"காதுன்னா அது ஒடம்புல சேர்த்தியா, மதினி?" என்று கேட்டேன்.

"அவனும் ஒன்ன மாதிரி நெனச்சிட்டா நான் ஏன் பயப்படுதேன்? அவன் சேர்த்திம்பான். ஏலே பொன்னு, மில்லுக்குள்ள ஒருத்திக்கும் காது கேக்காது. அங்க நானும் எல்லாரையும் போலத்தான். வாசலத் தாண்டி வெளிய வந்தாத்தான் நான் செவிடு. மதுரைல கதவச் சாத்திட்டு உக்காந்தா, நான் நாள் பூரா யாரு வாயப் பாத்துட்டு இருப்பேன்?"

யாரிடமும் சொல்வதில்லை என்று கேசட்டுகளுக்கு நடுவே நின்று வாக்குக் கொடுத்தேன்.

இரண்டு வருஷம் வண்டி ஓடியது. எண்பத்தொன்பதில் வைகுண்டராஜின் மகளுக்குக் காதுகுத்து வந்தது. எங்கள் ஊர் மடவார் வளாகத்தில் என் வீட்டில்தான் சாப்பாடு, கூட்டமெல்லாம். வைத்தியநாத சாமி கோயிலில் சாமி கும்பிட்டு, என் வீட்டில் வைத்துக் காதுகுத்தி, மத்தியானம் கறிச்சோறு, அதற்குப் பிறகு வீடியோ டெக் போட்டுப் படம். அந்தக் காலத்தில் தாய்மாமன் இல்லாமல்கூடக் காதுகுத்து நடந்துவிடும், டெக் இல்லாமல் நடக்காது.

முந்தின நாளே வைகுண்டராஜ் குடும்பத்தோடு வந்து இறங்கினான். மதினி அடுப்படியில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் தொட்டிலில் குழந்தை வீல்வீலென்று கத்துகிறது. மதினி திரும்பவே இல்லை. மருமகள் ஜெயபாய் ஓடிவந்து தூக்கினாள். அதையெல்லாம் வாசற்படியில் நின்று வைகுண்டராஜ் பார்த்துக்கொண்டிருந்தான். செத்த நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"சித்தப்பா, அம்மாவுக்குக் காது சரியாக் கேக்குதா?"

"ஒங்க அம்மாவுக்கா? பாம்புச் செவியாக்கும்!" என்றேன். பொய் சொல்லும்போது எனக்குக் குரல் சற்று உயர்ந்துவிடும்.

"நாளைக்கு நான் பாத்துக்கிடுதேன்" என்றான் அவன். பேங்க்காரன் கையெழுத்தைச் சரிபார்க்கிற பார்வை அது.

அன்று நான் ஒரு திட்டம் போட்டேன். நாளைக்கு என்ன படம் போடுவது என்பது என் கையில்தானே இருக்கிறது? 'எதிர்வீட்டு ஏகாம்பரம்' போடுவது என்று முடிவு செய்தேன். அறுபதில் வந்த கருப்பு வெள்ளைச் சிரிப்புப் படம். ஏகாம்பரம் என்ற வெட்டிப்பயல் எதிர்வீட்டுப் பெண்ணைக் கட்டுவதற்காக ஒரே வாரத்தில் டாக்டர், ஜோசியர், சமையல்காரர் என்று வேஷம் போட்டு அவள் அப்பாவைப் படுத்துகிற பாடுதான் கதை. அண்ணனுக்கும் மதினிக்கும் கல்யாணமான புதிதில் ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தவர்கள், ஒரே வாரத்தில் அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தார்கள். அப்போது அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று அவளுக்கு மனப்பாடம். எல்லாரோடும் சேர்ந்து சரியான இடத்தில் சிரித்துவிட்டால் மகன் வாயை மூடிக்கொள்வான். திட்டத்தை மதினியிடம் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் மத்தியானம். ஜன்னல்களில் போர்வையைக் கட்டி இருட்டாக்கினோம். கறிச்சோறு தின்ற நாற்பது பேர் ஏப்பம் விட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்கள். மதினி டிவிக்கு நேரே முதல் வரிசை. அவள் பக்கத்தில் சுடலையம்மாளும் மில்லில் வேலை பார்க்கும் இன்னும் நான்கு பெண்களும். சுடலையம்மாள் மதினியோடு இருபது வருஷமாக வைண்டிங்கில் நிற்கிறவள். வைகுண்டராஜ் கடைசியில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான். அவன் படம் பார்க்க நிற்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

படம் ஓடியது. நல்ல பிரிண்ட் இல்லை. துபாயில் ஏதோ ஜவுளிக்கடைக்கான விளம்பரம் ஏகாம்பரத்தின் கழுத்துக்குக் கீழே ஊர்ந்துகொண்டே இருந்தது. ஆனாலும் சனம் சிரித்தது. மதினியும் சரியான இடத்தில் சிரித்தாள். ஏகாம்பரம் ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்தபோது சிரித்தாள். ஜோசியராகி எதிர்வீட்டு அப்பாவின் கையைத் தலைகீழாகப் பிடித்து ரேகை பார்த்தபோது சிரித்தாள். நான் வைகுண்டராஜைத் திரும்பிப் பார்த்து, எப்படி என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினேன். அவன் முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

அப்போதுதான் கவுன்சிலர் வருகிற காட்சி வந்தது. வார்டு கவுன்சிலர் வாசலில் வந்து நிற்க, ஏகாம்பரம் கைகட்டிக்கொண்டு, "ஐயா வரணும், ஐயா உட்காரணும், ஐயா காப்பி சாப்பிடணும், ஐயாவால்தான் இந்தத் தெருவுக்கே வெளிச்சம்" என்கிறான். சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. ஆனால் மதினி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். அதற்குள் சுடலையம்மாளும் சிரிக்கிறாள். மற்ற நால்வரும் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து சிரிக்கிறார்கள். மில் வரிசை முழுக்கச் சிரிக்கிறது, மீதிச் சனம் பேந்தப் பேந்த முழிக்கிறது.

"இப்ப என்னத்தச் சொல்லிட்டான்னு சிரிக்கிய? காப்பி சாப்பிடச் சொன்னான். அம்புட்டுதான?" என்றார் அண்ணன்.

"காப்பியா? நீங்க எந்தப் படம் பாக்கிய?" என்றாள் சுடலையம்மாள். "அவன் வாயப் பாருங்க. 'போன எலெக்சனுக்கு வந்தீரு, இந்த எலெக்சனுக்கு வந்தீரு, நடுவுல எங்க தெரு காணாமப் போச்சோ'ன்னுல்லா கேக்கான்!"

நான் கேசட்டைப் பின்னால் சுற்றி மறுபடி போட்டேன். குரல் ஒன்று சொன்னது, வாய் வேறொன்றைச் சொன்னது. எனக்கு விளங்கிவிட்டது. சென்சாரில் வெட்டச் சொல்லியிருப்பார்கள். படம் எடுத்தவர்கள் காட்சியை வெட்ட மனசில்லாமல் குரலை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். இத்தனை வருஷமாக ஊரெல்லாம் காதால் பார்த்த படத்தை இந்த ஆறு பெண்களும் மில் பழக்கத்தில் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

பிறகு கேட்க வேண்டுமா? "சத்தத்தக் கொறைங்க, சத்தத்தக் கொறைங்க" என்று எல்லாரும் கத்தினார்கள். நான் ரிமோட்டில் சத்தத்தை அடியோடு குறைத்தேன். மில் பெண்கள் ஆளுக்கு ஒரு வேஷத்தை எடுத்துக்கொண்டு, உதட்டைப் படித்துப் பேசத் தொடங்கினார்கள். மதினிதான் ஏகாம்பரம். இன்ஸ்பெக்டர் வந்தார். மதினி ஏகாம்பரமாகக் கும்பிட்டு, "வாங்கய்யா, நீங்க தூங்குத அழகப் பாத்துதான் இந்த ஊருத் திருடன் நிம்மதியாத் தொழிலுக்குப் போறான்" என்றாள். வீடு அதிர்ந்தது. வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் கைச் சாம்பலோடு உள்ளே வந்து நின்றார்கள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூணு தடவ துட்டுக் குடுத்துப் பாத்தேனே, எம் முன்னால ஒருத்தனும் இதச் சொல்லலியே" என்றார். வைகுண்டராஜ்கூடச் சுவரைவிட்டு வந்து பாயில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்படி ஒரு படத்தை நான் என் கடையில் வைத்திருந்ததே இல்லை.

கெடுத்தது நான்தான். பாட்டு வரப்போகிறது என்றால் சத்தத்தைக் கூட்டுவது எனக்குக் கைப்பழக்கம். ஏகாம்பரம் எதிர்வீட்டு அப்பாவிடம் பெண் கேட்கிற காட்சி, அது முடிந்ததும் பாட்டு. யோசிக்காமல் ரிமோட்டை அழுத்திவிட்டேன்.

குரல் வந்ததும் சுடலையம்மாள் பேச்சை நிறுத்தினாள். மற்றவர்களும் நிறுத்தினார்கள். மதினி நிறுத்தவில்லை. "மாமா, நான் டாக்டர் இல்ல, ஜோசியர் இல்ல, ஒங்க பொண்ணு மேல ஆசப்பட்ட ஒரு மடையன்" என்று டிவியில் ஏகாம்பரம் சொல்ல, கூடவே மதினியும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்து முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

வைகுண்டராஜ் எழுந்துபோய் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

"அம்மா" என்றான். பிறகு சத்தமாக, "அம்மா!"

மதினி ஏகாம்பரத்துக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தாள். சுடலையம்மாள்தான் அவள் தொடையைத் தொட்டாள். சிரித்த முகத்தோடு திரும்பியவள், நாற்பது முகங்களையும் பார்த்தாள். கடைசியில் மகன் முகத்தைப் பார்த்தாள். படிக்க வேண்டியதை அதிலேயே படித்துவிட்டாள்.

நான் படத்தை நிறுத்தினேன்.

முதலில் வாய் திறந்தது அண்ணன்தான். "ஏட்டி, அப்ப இத்தன வருசமா நான் சொன்னது ஒண்ணும் ஒனக்குக் கேக்கலையா?"

"பேப்பரக் கீழ வச்சிட்டுச் சொன்னதெல்லாம் கேட்டுச்சு" என்றாள் மதினி.

சிலர் சிரித்தார்கள். வைகுண்டராஜ் சிரிக்கவில்லை. அவள் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தான். கண் கலங்கியிருந்தது. "ஏம்மா எங்கிட்டச் சொல்லல? சூடத்த அணைச்சியே."

"அணைச்சேன். இல்லங்கல. விட்டுருதேன். நாளைக்கே எழுதிக் குடுத்துருதேன்." அவள் குரல் உடையவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "ஆனா ஒண்ணு. எழுதிக் குடுக்கதுக்கு முந்தி நீ ஒருதடவ உள்ள வந்து பாக்கணும். இருவத்தாறு வருசமா ஒன் அம்மா எங்க நின்னான்னு நீ பாத்ததே இல்ல."

அவன் தலையாட்டினான். பிறகு மில் பெண்கள் பக்கம் திரும்பி, "ஒங்களுக்கெல்லாம் காது எப்படி இருக்கு? பஞ்சாவது வச்சுக்கிடக் கூடாதா?" என்று கோபமாகக் கேட்டான்.

சுடலையம்மாள் மற்றவர்களைப் பார்த்தாள். "பஞ்சா? லோடு லோடாப் பஞ்சு வந்து எறங்குது. நமக்கு இது தோணலியே!" என்றாள். பிறகுதான் வீட்டுக்கு மூச்சு வந்தது. மிச்சப் படத்தை யாரும் கேட்கவில்லை.

திங்கள்கிழமை காலையில் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, மதினி மகனை உள்ளே கூட்டிப்போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன். கதவைத் திறந்ததும் சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. வைகுண்டராஜ் என்னிடம் என்னவோ கத்தினான். வாய் அசைந்ததுதான் தெரிந்தது.

செல்லக்கனி மகன் வந்திருக்கிறான் என்கிற சேதி ஒரு நிமிஷத்தில் ஹால் முழுக்கப் போயிருக்க வேண்டும். மிஷினை விடாமலே எல்லாத் தலைகளும் திரும்பின. ஒருத்தி கன்னத்தை உப்பிக் காட்டினாள். ஒருத்தி வழுக்கையைத் தடவுவதுபோலத் தன் தலையைத் தடவினாள். நாலு வரிசை தள்ளி ஒருத்தி கேட்க, மதினி அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டே வெடுக்கென்று பதில் சொன்னாள். ஹாலே சிரித்தது. சத்தமே இல்லாத சிரிப்பு, ஆனால் அத்தனை தோள்களும் குலுங்கின. வீட்டில் ஒரு வார்த்தைக்குப் பத்துத் தடவை முகம் முகமாகத் தேடுகிற மதினி, இங்கே நாலு திசைக்கும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தாள்.

வைகுண்டராஜ் என் சட்டையைப் பிடித்து இழுத்து, என்ன சொல்கிறார்கள் என்று கையால் கேட்டான். எனக்கு மட்டும் என்ன தெரியும்? அவன் நடுவில் நின்று, எல்லாரும் சிரிக்கும்போது தானும் சிரித்தான். எதற்கென்று தெரியாமல், பின்தங்கிவிடக் கூடாதே என்று சிரிக்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னால் மதினி முகத்தில்தான் பார்த்திருக்கிறேன், கல்யாண வீடுகளில், பஸ்ஸில், அவன் வீட்டு வாசலில். மதினி அதைப் பார்த்துவிட்டாள். வேலையை விட்டு வந்து அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, அவர்கள் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக, மெதுவாக, உதட்டைக் குவித்துக் குவித்து அவனுக்குச் சொன்னாள்.

வெளியே வந்தபிறகு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவன் காதைத் தேய்த்துக்கொண்டே நடந்தான். மதினி அரை மணி நேரம் பெர்மிஷன் போட்டு வழியனுப்ப வந்தாள். பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த ஜெயபாயும் குழந்தையும் முதலில் ஏறினார்கள். குழந்தையின் காதில் புதுத்தோடு மின்னியது. அவன் அம்மாவின் கையைப் பிடித்தான், விட்டான், ஏறிவிட்டான். மதினி முந்தானையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நின்றாள். மில்லை விடுவதா வேண்டாமா என்று கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. எனக்கும் இல்லை.

மதுரை பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. ஜன்னலில் வைகுண்டராஜ் தலையை நீட்டி, அம்மாவைப் பார்த்து வாயை அசைத்தான். கத்தக்கூட இல்லை, வெறுமனே அசைத்தான். மதினி கையை உயர்த்தியவள் அப்படியே நின்றுவிட்டாள். பஸ் திரும்பி மறைகிறவரை நின்றாள். கண்ணில் பொலபொலவென்று வந்தது, துடைக்கவும் இல்லை.

நான் அவள் முன்னால் போய் நின்று கேட்டேன். "என்ன சொன்னான், மதினி?"

"பெர்மிஷன் முடியப்போவுது, வேலைக்குப் போம்மாங்கான்" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மில்லைப் பார்த்து வேகமாக நடந்தாள்.